கூப்பிட்டால் வரும் வண்டி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவளுக்குத் தொழில். ரோபோ செய்வது பைத்தியம். இந்த முறை செய்தது செருப்புப் பெட்டி அளவில் ஒரு மூன்று சக்கர வண்டி. ஞாயிற்றுக்கிழமை போட்டி. அரங்கில் நான்கு கம்பங்கள் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஒளி வீசும். டிவி ரிமோட்டில் இருக்கிற அதே அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்குத் தெரியும். எந்தப் பக்கத்து உணரியில் ஒளி படுகிறதோ அந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டும்.

கூடத்தில் நான்கு தண்ணீர் பாட்டில்களின்மேல் விளக்குகளை ஒட்டிவைத்து, வேலை விட்டு வந்ததும் ஓட்டிப் பார்ப்பாள். இரண்டு பாட்டில்வரை சமர்த்தாகப் போகும். மூன்றாவதுக்குப் போகிற வழியில் என்னமோ ஞாபகம் வந்ததுபோல இடது பக்கம் திரும்பி, மாமனாரின் காலடியில் போய் நிற்கும்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். உணரியை மாற்றினாள். வெயில்தான் குழப்புகிறதோ என்று ஜன்னலுக்குத் திரை போட்டாள்.

"அப்படியே உன்னை மாதிரி. சொன்ன பேச்சு கேக்காது" என்றான் கணவன்.

மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. செய்தியைக்கூடக் காதால்தான் பார்ப்பார்.

நான்காம் நாள்தான் அவள் கவனித்தாள். டிவிக்கு சுவிட்சே போடவில்லை. ஆனால் ரிமோட் மாமனார் கையில் இருந்தது, வண்டிச் சத்தம் வந்த திசையில் நீட்டியபடி. கட்டைவிரல் அழுத்தியது. வண்டி திரும்பியது.

"என்ன மாமா பண்றீங்க?"

"கூப்பிடறேன்மா. இதை அமுக்கினா வந்துடுது."

"எத்தனை நாளா?"

"திங்கக்கிழமையில இருந்து. சேனல் மாத்தலாம்னு அமுக்கினேன், கால்கிட்ட வந்து நின்னுச்சு. பகல் பூரா தனியா உக்காந்திருக்காரேன்னு எனக்காகத்தானே செய்யற?"

"ஆமா மாமா" என்று வாய் சொல்லிவிட்டது.

ஆனால் போட்டி இருக்கிறதே. மறுநாள் காலை விளக்குகளுக்குப் போட்டிக் கம்பங்களின் லயத்தில் மின்னக் கற்றுக்கொடுத்தாள். அந்த லயத்துக்கு மட்டும் வண்டி அடங்கும்படி நிரல் எழுதினாள். சாயங்காலம் நான்கு பாட்டிலையும் பிசகாமல் சுற்றியது.

மாமனார் ரிமோட்டை அழுத்தினார். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். பேட்டரிகளைக் கழற்றி, சட்டையில் துடைத்து, தடவித் தடவித் திரும்பப் போட்டு மறுபடி அழுத்தினார். பிறகு ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வண்டியைக் குறை சொல்லவில்லை, அவளையும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மாமா, அது போட்டிக்குச் செஞ்சது. நேத்து ஆமான்னு சொன்னது பொய். இன்னிக்கு உங்க ரிமோட்டுக்கு வராதபடி நான்தான் மாத்தி வெச்சேன்."

"அதனால என்னம்மா? ஒரே பஸ்ஸு காலையில ஒரு ரூட் போகும், சாயங்காலம் ஒரு ரூட் போகும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு சின்ன சுவிட்ச் வைத்தாள். ஒரு பக்கம் தள்ளினால் போட்டி, மறு பக்கம் மாமனார்.

போட்டியில் பதினொரு பேரில் ஐந்தாவது இடம். மூன்றாம் கம்பத்தருகே சக்கரம் கழன்று ஓடிவிட்டது.

"நட்டை முடுக்காம வண்டி எடுக்கலாமா?" என்று வீட்டில் மாமனாரிடம் நன்றாகத் திட்டு வாங்கினாள். அவர் வண்டியை மடியில் வாங்கி, விரலால் தடவியே ஒவ்வொரு சக்கரத்தையும் இறுக்கினார். தரையில் விட்டு, ரிமோட்டை அழுத்தினார். வந்தது. வந்த வேகத்தில் நாற்காலிக் காலில் முட்டி நின்று உறுமியது.

"ரிவர்ஸ் எதும்மா?"

"ரிவர்ஸ் இல்ல மாமா."

"ரிவர்ஸ் இல்லாத வண்டியை எவன் டிப்போவுக்குள்ள விடுவான்?"

அவள் திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.