ஆரோன் அழுதானா

2004 டிசம்பரில் அலை வந்து போன மூன்றாம் நாள், தன் இரண்டு மகன்களையும் ஒரே குழியில் வைத்துவிட்டு, உபதேசியார் அன்புமணி கல்லறைத் தோட்டத்தில் நின்றபடியே பிரசங்கம் செய்தார். வேதத்தில் வரும் ஆசாரியன் ஆரோனின் பிள்ளைகள் இருவரும் ஒரே நாளில் ஆண்டவர் சந்நிதியில் எரிந்துபோனதையும், ஆரோன் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னார். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. "விசுவாசம்னா இப்பிடி இருக்கணும்" என்று கடலூர் முதுநகர் சபையே பேசிக்கொண்டது. அவர் மனைவி பிரிசில்லாவுக்கு மட்டும் அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ரூபனுக்குப் பதினொரு வயது, எபனேசருக்கு எட்டு. அலை வந்த அன்று காலை அவள் கோயிலில் பாடகர் குழுவோடு இருந்தாள். பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் உப்பனாற்றைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள் என்றுதான் ஊர் சொன்னது. அவளும் அதைத்தான் நம்பினாள். சொன்ன பேச்சு கேட்காமல் போனவர்கள் என்று செத்த பிள்ளைகள்மேலேயே கோபப்படுவாள். பிறகு அப்படிக் கோபப்பட்டதற்காக அழுவாள். அன்புமணி அழவே இல்லை. அவள் பேச்செடுத்தால், "ஆரோன் பேசுனானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு பயிற்சி வகுப்புக்காகச் சிதம்பரம் போனவள், மதிய இடைவேளையில் அங்கிருந்த ஒரு கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்தாள். சமயப் பிரிவின் அடி அடுக்கில், எப்போதோ யாரோ கொடுத்துவிட்டுப் போன யூத வேத உரைகள் இருந்தன. ஒரு பக்கத்தில் எபிரேயம், எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம். நடுவில் இரண்டு வரி மூலம். அதைச் சுற்றி நாலு பக்கமும் யூத குருக்களான ரபீக்கள் எழுதிய உரை.

"நம்ம பதவுரை, விருத்தியுரை மாதிரிதான் டீச்சர்" என்றாள் நூலக உதவியாளர் தாட்சாயிணி. கோயிலைச் சுற்றிய வீதி ஒன்றில் வீடு, பிரிசில்லாவின் வயதுதான். "இங்க ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறாரு பாருங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல இருக்காங்க."

ஆரோன் உண்மையிலேயே அழவில்லையா? இதைத்தான் பிரிசில்லா தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் அழுதான் என்று வேதத்திலிருந்தே காட்டிவிட்டால், தன் புருஷனும் அழுதுவிடுவார் என்று நம்பினாள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினாள். எபிரேய எழுத்துகளை வலமிருந்து இடமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எழுதிப் பழகினாள். தாட்சாயிணி அகராதி எடுத்துக்கொடுப்பாள், கூடவே உட்கார்ந்து பார்ப்பாள்.

ஒரு உரைகாரர், பேசாமல் இருந்ததற்கு ஆரோனுக்குப் பரிசு கிடைத்தது என்றார். இன்னொருவர், உயிரில்லாத பொருளைக் குறிக்கும் சொல்லும் ‘பேசாதிருந்தான்’ என்னும் எபிரேய வினையும் ஒரே வேர் என்று காட்டி, அவன் நெஞ்சு கல்லாகிவிட்டது என்றார். மூன்றாமவர்தான் அவள் தேடியவர். எருசலேமின் அழிவுக்கான புலம்பலில், கண்கள் ஓயாமல் அழட்டும் என்னுமிடத்தில் வரும் ஓய்தலுக்கும் அதே வினைதான் என்றார் அவர். ஆகவே ஆரோன் சத்தமாக அழுதுகொண்டிருந்தான், பிறகுதான் ஓய்ந்தான்.

"கெடச்சிடுச்சி!" என்று தாட்சாயிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள் பிரிசில்லா. அது 2008 ஆகஸ்டு.

மறுநாள் ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு நோட்டைக் கொண்டுவந்து அன்புமணியின் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை காட்டறேன். கோச்சுக்காம கேளுங்க."

அவர் எழுந்து போகவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"புள்ளைங்க ஏன் செத்தாங்கன்னு உன் உரைக்காரங்க என்னா சொல்றாங்க?"

"குடிச்சிட்டு உள்ள போனாங்கன்னு ஒருத்தரு. பெரியவங்கள ஒரு வார்த்த கேக்காம போனாங்கன்னு இன்னொருத்தரு."

"அப்பன் செஞ்ச தப்புக்காகன்னு யாரும் சொல்லல? ஜனங்களுக்குப் பொன்னுல கன்னுக்குட்டி செஞ்சி குடுத்தவன் அவன்தான?"

சொல்லியிருந்தார்கள். அவள் அதைப் படித்திருந்தாள், நோட்டில் எழுதவில்லை.

"இல்லீங்க" என்றாள்.

"பொய் சொல்ற, பிரிசி." அவர் நோட்டைப் பார்த்தபடியே பேசினார். "அவனுங்க சொல்லாம போவல. நான் பிரசங்கம் எழுதிக்கினு இருந்தேன். வீட்ல ஒரே கூச்சல். கடக்கரையில போயி வெளையாடுங்கடா, பத்து மணிக்கு வந்தா போதும்னு நான்தான் அனுப்புனேன். சின்னவன் போமாட்டேன்னான். திட்டி அனுப்புனேன்."

சொல்லிவிட்டு அழுதார். பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்து எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, மூச்சு திணற அழுதார். மூன்றே முக்கால் வருஷமாக அவள் காத்திருந்த அழுகை. கிட்டே போய்த் தோளைத் தொட்டால் போதும். அவளால் முடியவில்லை. கை எழவே இல்லை. சின்னவன் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அதை மட்டும் நினைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அடுத்த மாதம் அவர் மாற்றல் கேட்டுக் கம்மாபுரம் பக்கம் ஒரு சிறிய சபைக்குப் போனார். "நீயும் வா" என்று ஒருமுறை கேட்டார். "இங்க பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. கோபப்பட்டதற்காகப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பெயர்ப்பலகையைத் துடைத்தாள், புல்லைப் பிடுங்கினாள். வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.

சிதம்பரத்துக்கு மறுபடி போனது அடுத்த வருஷம்தான். "சொன்னீங்களா டீச்சர்? அழுதாரா?" என்று ஆவலாகக் கேட்டாள் தாட்சாயிணி.

"அழுதாரு."

ஆரோனுடைய பிள்ளைகளின் தாயைப் பற்றி உரையில் ஏதாவது இருக்கிறதா என்று பிரிசில்லா கேட்டாள். இருவரும் பின்குறிப்புகளில் தேடினார்கள். பெயர் எலிசபா. பிள்ளைகள் செத்த அதே நாளில் அவளுக்கு ஐந்து சந்தோஷங்கள் என்று ரபீக்கள் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார்கள்: கொழுந்தன் அரசன், புருஷன் பிரதான ஆசாரியன், அண்ணன் கோத்திரத் தலைவன், மகன் துணை ஆசாரியன், பேரன் படைக்கென்று அபிஷேகம் பெற்றவன். அதன்கீழே ஒரே வரி. அவள் இரண்டு பிள்ளைகளுக்காகத் துக்கம் கொண்டாடினாள்.

"அப்புறம் அவ புருஷன்கூட இருந்தாளா?" என்று கேட்டாள் பிரிசில்லா.

தாட்சாயிணி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்த பக்கத்தையும் பார்த்தாள்.

"அது போடல டீச்சர்" என்றாள்.