இருபத்து மூன்று சிவப்புப் புள்ளிகள்

எனக்கு வாய் இல்லை. அதனால் பேனாவைக் கொடுத்தார்கள்.

எங்கள் மென்பொருள் அணியில் ஏழு பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். அதாவது பத்து வேலை நாளில் இன்னின்னதை முடிப்போம் என்று எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. வேலை தொடங்கி, சுவர்ப் பலகையில் அது 'டூயிங்' கட்டத்துக்கு வந்த நாளிலிருந்து, தினமும் காலையில் அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வேலை முடிந்து 'டன்' கட்டத்துக்குப் போகும்போது புள்ளிகளை எண்ணினால், அதுதான் அந்த வேலையின் சைக்கிள் டைம், அதாவது முடிக்க எடுத்த நாட்கள். புள்ளி வைக்கப் பேச வேண்டியதில்லை. "இதுக்கு நம்ம வாயில்லாப் பூச்சிதான் சரி" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் இயற்பியல் படித்தவள். எதை அளந்தாலும், அப்போது நிலைமை என்ன என்று பக்கத்தில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. கார்டுக்கு உரியவர் வேலை செய்த நாளுக்கு நீலப் புள்ளி வைத்தேன். யாருக்காகவோ காத்திருந்த நாளுக்குச் சிவப்பு. யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நீலம் தீர்ந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

ஸ்பிரிண்டின் கடைசி நாளில் மேனேஜர் பலகை முன்னால் வந்து நிற்பார். முடியாத கார்டுகளைப் பிடுங்கி என்னிடம் நீட்டுவார். "புதுசா எழுதிடும்மா. பழச குப்பைல போடு."

அதே வேலை, புது கார்டு, ஒரு புள்ளிகூட இல்லை. மறுநாள் அது ஒன்றாம் நாள் வேலை. எங்கள் அணியில் எதுவும் பத்துப் புள்ளியைத் தாண்டாத ரகசியம் இதுதான். சராசரி ஆறு நாள் என்று அறிக்கை போகும். மேலிடத்தில் கைதட்டுவார்கள்.

அக்கா மட்டும் மறுத்துவிட்டார்.

அக்கா எனக்கு எதிர் நாற்காலி. பதினாறு வருட அனுபவம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுவார். "வேலை புதுசா ஆரம்பிக்கலையே சார், கார்டு மட்டும் ஏன் புதுசு?" என்று கேட்டார்.

"அப்ப உங்க இஷ்டம்" என்றார் மேனேஜர். அன்றிலிருந்து அக்காவுக்கு ஆமை என்று பெயர். ஒவ்வொரு முறையும் புது கார்டு வாங்கிக்கொண்ட இன்னொருவருக்கு ராக்கெட்.

அக்காவின் கார்டில் இருந்த வேலை இது: ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் எழுதிய மென்பொருள், எப்போதாவது ஒரே நேரத்தை இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துவிடுகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க, அங்கே ஓடிக்கொண்டிருக்கும் தரவைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி தர வேண்டியவர் மேனேஜர். அக்கா ஒன்பது மெயில் அனுப்பினார். நேரில் போய்க் கேட்டால், "பாக்குறேன்மா. தலைக்கு மேல வேலை" என்பார். சொல்லிவிட்டு டேபிள் டென்னிஸ் ஆடப் போவார்.

நான் சிவப்புப் புள்ளி வைப்பேன்.

நான்காவது ஸ்பிரிண்ட் முடிந்த அன்று இயக்குநர் வந்தார். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. அடுத்த மாதத்திலிருந்து ஆறு பேர் போதும் என்று உத்தரவு. யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க வந்திருந்தார்.

மேனேஜர் அக்காவின் கார்டைப் பலகையிலிருந்து எடுத்து, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"முப்பத்து நாலு புள்ளி மேடம். நம்ம ராக்கெட் இதே அளவு வேலைய எட்டு நாள்ல முடிச்சான். நான் யாரையும் குறை சொல்லல. நம்பர் சொல்லுது."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

நம்பர் சொல்லுதாம். அந்த நம்பரை என் கையால் வைத்தேன், ஒவ்வொரு நாளும். எனக்குக் கோபம் வந்தால் குரல் வராது, அழுகைதான் வரும். அதனால் எழுந்து வெளியே போனேன். "அழப் போகுது" என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது.

என் மேசையின் கீழ் டிராயரைத் திறந்து, கிளிப் போட்டு வைத்திருந்த கட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். இயக்குநர் முன்னால் வைத்தேன்.

"ராக்கெட் அண்ணாவோட அதே வேலை. பழைய கார்டு மூணு இங்க, கடைசி ஒண்ணு பலகைல. மொத்தம் முப்பத்தெட்டு புள்ளி."

ராக்கெட் எட்டிப் பார்த்தார். "முப்பத்தெட்டா? எனக்கே மறந்துபோச்சே."

"குப்பைல போடச் சொன்னேன்ல?" என்றார் மேனேஜர்.

"போடல சார்."

"ஏன்?"

"அளந்தத அழிக்கக் கூடாது சார்."

நான் அக்காவின் கார்டை மேனேஜரின் விரல்களிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "இதுல சிவப்பு, காத்திருந்த நாள்."

இயக்குநர் ஒவ்வொன்றாக எண்ணினார். "இருபத்து மூணு. யாருக்காகம்மா காத்திருந்தாங்க?"

வாய் மறுபடியும் போய்விட்டது. கையிலிருந்த பேனாவை நீட்டினேன். அது மேனேஜரின் சட்டைப் பொத்தானைப் பார்த்து நின்றது.

அக்காதான் சொன்னார். "தரவு பாக்க அனுமதி மேடம். ஒன்பது மெயில்."

"இப்ப குடுக்க முடியுமா?" இயக்குநர் மேனேஜரிடம் கேட்டார்.

"சாயங்காலம் உக்காந்து பாத்துட்டு..."

"இப்ப."

மேனேஜர் போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். இரண்டு முறை தட்டினார். மேசையில் அக்காவின் போன் அதிர்ந்தது.

"வந்துடுச்சு" என்றார் அக்கா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"இத வச்சு யாரையும் அனுப்ப முடியாது" என்று இயக்குநர் எழுந்தார். "எந்தக் கார்டையும் தூக்கிப் போடாத கணக்கு ஒண்ணு கொண்டுவாங்க. அப்புறம் பேசலாம்." அந்தக் கட்டை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அக்கா நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"சிவப்புன்னா என்னன்னு உனக்கு முதல் நாள்லேர்ந்து தெரியும். இல்லையா?"

"தெரியும்க்கா."

"இருபத்து மூணு நாள் வச்சிருக்க. ஒரு நாள்கூட சொல்லத் தோணல."

"யாரும் கேக்கலக்கா."

"ஆமைன்னு சொன்னப்ப சிரிக்க மட்டும் யாரும் கேக்க வேண்டியதில்ல." பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம் அப்போதுதான் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்று தெரிந்திருந்தது. அவள் எங்கேயும் போகவில்லை. என் செருப்பில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பலகையில் ஒரு கறுப்புப் பேனா நூலில் கட்டித் தொங்கியது.

"இனிமே ஒரே கலர் போதும்மா" என்றார் மேனேஜர். "ரெண்டு கலர் பாக்குறவங்களுக்குக் குழப்பமா இருக்கு."

"முடியாது சார்."

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. கோடியில் இருந்த ராக்கெட்கூடத் தலையைத் தூக்கினார். மேனேஜர் எதையோ சொல்ல வந்து, எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

என் பேனாக்கள் இரண்டையும் எடுத்தேன். அக்காவின் கார்டில் முப்பத்தைந்தாவது புள்ளி வைக்க வேண்டும். அதற்குமுன் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி நெற்றியில் இல்லை, கண்ணில் இருந்தது. அவர் நிமிரவில்லை. திரையில் தரவு வரிவரியாக மேலே ஓடிக்கொண்டிருந்தது.

நீலம் வைத்தேன்.