பின்னால் வந்த புயல்

தையல்காரருக்கு இடி என்றால் உயிர் போய் உயிர் வரும். வானம் லேசாக உறுமினாலே மிஷினில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் காதில் விழாதபடி தடதடவென்று மிதிப்பார். அதனால் மழைக்காலத்தில் அவரிடம் கொடுத்த துணி சொன்ன தேதிக்கு முன்பே கைக்கு வந்துவிடும்.

அவர் மனைவிக்கோ புயலைப் படம் பிடிப்பதுதான் தொழில். ‘புயலம்மா’ என்றே தெருவில் கூப்பிடுவார்கள். வானிலைச் செய்தி கேட்டு ஊர் கதவைச் சாத்தும்போது, அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். கார் ஓட்டுவது அவளுடைய அக்கா.

அன்று பார்த்து அக்காவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது.

"நீங்கதான் ஓட்டணும்" என்றாள் மனைவி.

"நானா? பட்டன் வைக்கிற வேலை பாக்கி இருக்கே."

"பட்டன் எங்கயும் ஓடிடாது. இந்த சீசன்ல ஒரு நல்ல படம்கூட கிடைக்கலங்க."

அவள் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வெட்டுமேசை மேல் விரிக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் விரிப்பையும் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு வெளியே, கண்ணுக்கு எட்டியவரை வெறும் சமவெளி. நடுவில் யாரும் புழங்காத, கிழக்கிலும் மேற்கிலும் கதவில்லாத வாசல் கொண்ட ஒரு காலித் தானியக் கொட்டகை. அதன் மேற்கு வாசலில் அவள் முக்காலியை ஊன்றினாள். புயல் மேற்கே வரும் என்று செய்தி. தையல்காரர் காரைக் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, கிழக்கே பார்த்து நிறுத்தினார். புயலுக்கு முதுகைக் காட்டிவிட்டால் பாதி பயம் போய்விடும் என்பது அவர் கணக்கு.

புயல் அவர் கணக்கைக் கேட்கவில்லை. மேற்கே திரண்ட மேகம் சாயம்போன துணி மாதிரி வெளுத்துக் கலைந்தது. கிழக்கே, சரியாக அவர் கண்ணெதிரே, கருநீலமாக ஒரு மேகச் சுவர் எழுந்தது. அதன் அடியில் மழை திரைதிரையாக இறங்க, உள்ளே வெள்ளையாக என்னவோ விட்டுவிட்டு எரிந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டார். 'வாயைத் திறக்காம இருந்தா பேசாம வீட்டுக்குப் போயிடலாம்' என்று ஒரு எண்ணம் வந்தது. கண்ணைத் திறந்து காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கொட்டகையின் அந்தப் பக்க வாசலில் மனைவி ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்தபடி, துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஹாரன் அடித்தார்.

"கொஞ்சம் பொறுங்க, போயிடலாம்!" அவள் திரும்பக்கூட இல்லை.

கதவைத் திறந்தார். மஞ்சள் விரிப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினார். "பின்னாடி! ஏய், பின்னாடி பாரு!" காதில் பஞ்சு இருந்ததால் தான் கத்துகிறோமா முனகுகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் திரும்பினாள். வாய் பிளந்தாள். முக்காலியைக் கிழக்கு வாசலுக்கு இழுத்து வந்து கேமரா பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். அப்போது விழுந்த ஒரு இடியில் தையல்காரர் பாதி வழியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டாள்.

வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வானம் முழுக்க மேகம். அதன் கீழே மிளகாய் விதை அளவில் மஞ்சளாக ஒரு ஆள்.

"படத்துலேர்ந்து என்னை எடுத்துடு, மானம் போகுது."

எடுத்துப் பார்த்தாள். அவர் போனதும் மேகம் அடுப்புப் புகை மாதிரி ஆகிவிட்டது. "நீங்க இருந்தாத்தாங்க அது பெருசாத் தெரியுது" என்று திரும்ப வைத்துவிட்டாள்.

அவள் படங்களை வைத்த கண்காட்சியில் அந்தப் படம்தான் வாசலுக்கு நேரே மாட்டியிருந்தது. தையல்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடி போட்ட ஒருவர் சிரித்தார்: "பாருங்க, எப்படிப் பயந்து ஓடறான்!"

தூணுக்குப் பின்னால் இருக்க முடியவில்லை. "பயம் உண்டுங்க" என்று முன்னே வந்தார். "ஆனா பயந்து ஓடல. வீட்டுக்காரிகிட்ட சொல்ல ஓடறேன்."

"அட, நீங்களா! அப்புறம் என்ன ஆச்சு?"

தையல்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். கூட்டம் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் பலருக்குச் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல இடி பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியாகக் கேட்டவர்களுக்குச் சொன்ன கதையில், அந்த இடிக்கு அவர் கீழே உட்காரவே இல்லை. மனைவி பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.