கடைசி மாடிக்கு முன்னால் ஒரு படம்

கண்காட்சியன்று காலையில்தான் அண்ணன் தானும் மத்தியானம் கல்லூரிக்கு வருவதாகச் சொன்னான். ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. அவன் தானாக ஓர் இடத்துக்குக் கிளம்பி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

அண்ணன் தீயணைப்புக்காரன். போன வருடம் ஒரு மரச்சாமான் கிடங்கு எரிந்தபோது அவனும் அவன் கூட்டாளியும் ஜோடியாக உள்ளே போனார்கள். கூட்டாளி திரும்பி வரவில்லை. ஆள் குண்டு என்பதால் அவனுக்குப் பீப்பா என்று பெயர். இவர்கள் வீட்டில் உரிமையோடு தட்டை எடுத்துப்போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிறவன். அந்தத் தீ விபத்துக்குப் பிறகு அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு தொலைபேசி எடுக்கும் வேலைக்கு மாறிவிட்டான். வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை.

தங்கையும் அவள் வகுப்புத் தோழர்கள் இருவரும் கடைசி ஆண்டுக்காகச் செய்து கண்காட்சியில் வைக்கவிருந்த கணினி விளையாட்டு, புகை சூழ்ந்த ஒரு கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி ஆட்களைக் காப்பாற்றுவது. நிரல் எழுதியவன் ஆந்தை. மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்த பெயர் அது. ஒலி அமைத்தவள் ரேடியோ. ஒரு மாடி முடிந்து அடுத்த மாடி திறக்கும்வரை திரையில் நிற்கிற லோடிங் படங்களை வரைவது இவள் பொறுப்பு. அதற்காக அண்ணனிடம் நிறையக் கேட்டாள். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கணும், சுவரிலிருந்து கையை எடுக்கக்கூடாது, புகை மேலே நிற்கும், அதனால் தவழ்ந்து போகணும் என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். அந்த மட்டுக்காவது பேசுகிறானே என்று அம்மா குறுக்கே வரவில்லை.

கடைசி மாடிக்கு முந்தைய படத்தில்தான் சிக்கல். படி திரும்புகிற இடத்தில் இருவர். ஒருவன் கீழே, தோளில் குழாயோடு. மற்றவன் சில படிகள் மேலே ஏறி, அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறான். முகத்தை முகமூடி மறைத்திருந்தாலும் அந்தப் பருத்த தோளும் ஒரு பக்கம் சாய்ந்த கழுத்தும் யாருடையவை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். யோசித்து வரைந்ததில்லை, கை போன போக்கில் வந்தது. இருக்கிற படங்களிலேயே அதுதான் உயிரோட்டமானது என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் மட்டும் அவள் காட்டவில்லை.

கல்லூரிக்குப் போனதும் ஆந்தையைப் பிடித்து அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். அவன் ஒப்பவில்லை.

“எல்லாத்தையும் முடிச்சு வச்சாச்சு. இப்போ ஒண்ணைத் தொட்டா வேற எங்கயாவது புட்டுக்கும்.”

காரணத்தைச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வேறு படம் கொடுத்தால் மாற்றுவதாகச் சொன்னான். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆளே இல்லாத படிக்கட்டு ஒன்றை அவசர அவசரமாக வரைந்தாள். கைப்பிடிக் கம்பி கோணலாக இருந்தது. இருக்கட்டும் என்று கொடுத்தாள். சிறிது நேரத்தில் அவன் வந்து, “போட்டுட்டேன்,” என்றான். அதன் பிறகுதான் அவளுக்குத் தண்ணீர் இறங்கியது.

அண்ணன் தேய்த்த சட்டையோடு வந்தான். உட்கார்ந்தான். திரைக்குள்ளும் அவன் தவழ்ந்தான், கதவுகளைத் தொட்டுப் பார்த்தான், ஒரு தடவைகூடப் புகையில் சிக்கவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்தது. மதிப்பெண் போட வந்த ஆசிரியர், இந்த மாதிரி நிறைய ஆடுவீர்களா என்று கேட்டார். இதுதான் முதல் தடவை என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை.

கடைசி மாடிக்கான கதவு திறந்தது. திரை இருண்டது. பிறகு படம் வந்தது.

இருவர் இருந்த படம்.

அவள் சட்டென்று திரும்பினாள். ஆந்தையைப் பார்த்தாள். அவன் தரையில் கிடந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாற்றவே இல்லை என்று புரிந்துபோனது. கடைசி மாடிதான் பெரியது, திறக்க அதிக நேரம் எடுக்கும். கீழே இருந்த பச்சைக் கோடு எறும்பாய் ஊர்ந்தது. மின்சாரத்தை நிறுத்திவிடலாமா என்று அவள் பொத்தானைத் தேடினாள். குறுக்கே ஆட்கள் நின்றார்கள். அண்ணனின் கைகள் விசைப்பலகையை விட்டு மடிக்கு வந்துவிட்டன.

கோடு நிறைந்தது. ஏதாவது ஒரு விசையை அழுத்தவும் என்று எழுத்து மினுக்கியது. அவன் அழுத்தவில்லை. படம் நின்றது நின்றபடி இருந்தது. விளையாட்டு மாட்டிக்கொண்டதோ என்று ஆசிரியர் கேட்டார்.

“இது அவன்தானே?” என்றான் அண்ணன், திரும்பாமல்.

“ஆமாண்ணா. எடுக்கச் சொல்லியிருந்தேன். தப்புதான்.”

“தப்புதான். அவன் திரும்பிப் பாக்கல.”

எழுந்து, பின்னால் இருந்தவரிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போனான். ஆசிரியர் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். பதில் சொல்வதை ரேடியோவின் தலையில் கட்டிவிட்டுத் தங்கை அவன் பின்னாலேயே ஓடினாள்.

தாழ்வாரத்தின் கோடியில் ஜன்னலோரம் நின்றிருந்தான். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினான்.

“படி முறியிற சத்தம் கேட்டுச்சு. இறங்குடான்னு கத்தினேன். மேல யாரோ தட்டுறாங்கன்னான். சொல்லிட்டு ஏறிட்டான். நான் கடைசியாப் பாத்தது அவன் முதுகைத்தான்.”

அவள் மெல்லக் கேட்டாள். “மேல யாரு இருந்தாங்க?”

“யாருமே இல்ல குட்டி. தகரக் கதவு காத்துல அடிச்சுக்கிட்டிருந்திருக்கு.”

விசாரணையில் அதையெல்லாம் சொல்லியிருந்தான். பீப்பாவின் மனைவியிடம்தான் சொல்லவில்லை. மேலே ஒரு குழந்தை இருந்ததாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் அவள் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிட்டான். அவன் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் விளையாட்டுக்குச் சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. ஆந்தையோடு அவள் பல நாள் பேசவில்லை. உடைந்துவிடும் என்ற பயம் பாதிதான், அந்த நல்ல படத்தை எடுக்க மனசு வரவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டான். அது உன் படமில்லையே என்றாள் அவள். கல்லூரிக்கு ஒப்படைக்கிற கடைசிப் பிரதிக்கு அந்தப் படத்தைத் திரும்ப வரைந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, புகை இவ்வளவு வெள்ளையாக இருக்காது, தோள் இன்னும் முன்னால் சாய்ந்திருக்கணும் என்று சொல்லச் சொல்ல, மேலே ஏறிப்போகிற ஒரு முதுகு உருவானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அந்த வீட்டுக்குப் போனான். தனியாக விட மனமில்லாமல் அவளும் கூடப் போனாள். அழைப்பு மணியை அழுத்திவிட்டு அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றான். பீப்பாவின் மனைவி கதவைத் திறந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வர இவ்வளவு நாளாச்சா உனக்கு?” என்று கேட்டுவிட்டு, உள்ளே வர வழிவிட்டாள்.