பன்னிரண்டு சாம்பிள்

மாரப்பனின் போன் அடித்தபோது அவர் கக்கூசுக்குள் இருந்தார். காலையிலிருந்து அவர் அங்கே போவது அது ஐந்தாவது தடவை. பனியன் கம்பெனி ஷெட்டையொட்டிய ஆபீஸ் அறையில் நூல் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி முத்தாத்தாள்தான் போனை எடுத்தாள்.

"செவ்வாக்கெழம சாம்பிள் எடுக்க வரச் சொல்லியிருந்தமுங்க. சார் வரவே இல்லீங்களே?" ஒரு பெண் குரல்.

"அதுங்களா கண்ணு, சாயம் போடப் போன துணி டையிங்ல இருந்து இன்னும் வரலீங்க. அடுத்த வாரம் குடுத்துப்போடறமுங்க. ஆர்டர் குடுத்த பையர்கிட்ட கொஞ்சம் பேசிக்குங்க."



"அம்மா, நான் ஆஸ்பத்திரி நர்சுங்க. சாருக்குப் புராஸ்டேட் சுரப்பியில இருந்து ஊசியில துளித்துளியா சதை எடுத்து, புற்றுநோயான்னு பார்க்கோணும். ரெண்டு தடவ தள்ளிப்போட்டுட்டாரு. இனியும் தள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாருங்க."

முத்தாத்தாள் போனை மேசைமேல் வைத்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஷெட்டுக்குள் மெஷின் ஓடும் சத்தம் எப்போதும்போல் கேட்டது. விட்ட இடத்திலிருந்து சீட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

மாரப்பன் வந்து நாற்காலியில் மெல்ல இறங்கினார். நூற்று நாலு கிலோ.

"ஆஸ்பத்திரியில இருந்து சாம்பிளு கேட்டாங்க" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"துணி வரலைன்னு சொல்லிப்போட்டேன்."

மாரப்பன் சிரித்தார். வயிறுதான் குலுங்கியது. முகம் அப்படியே இருந்தது.

"எடையக் குறைக்கச் சொன்னாங்கன்னுதானுங்க சொன்னீங்க? மூணு மாசமா வெண்ணெய நிறுத்திக் களி கிண்டிப் போட்டுட்டு இருக்கறன்."

"அதையுந்தான் சொன்னாங்க. போன வருசம் இந்தப் புராஸ்டேட்டுக்கு ரத்தம் பார்த்தப்ப நம்பரு நாலுக்குள்ளதான் இருந்துச்சு. பாஸுன்னு உட்டுப்போட்டேன். இந்த டாக்டரு என்னடான்னா, ஒடம்பு பெருத்தா ரத்தமும் சாஸ்தியாம், அதுல கலந்து நம்பரு கம்மியாக் காட்டுமாம்."

அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதே சாயத்துக்குத் தண்ணீரைக் கூட்டி விட்டால் துணி வெளுத்துத்தான் வரும். வெளுத்து வந்த எத்தனையோ துணி லாட்டுகளை அவள் கையால் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்த மனுசனை மட்டும் யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

"அப்பறம் பின்னால வெரல உட்டுப் பார்த்தாரு. ஒரு பக்கம் கல்லாட்டம் இருக்குதாம். உன்றகிட்ட இதைய எப்புடிப் புள்ள சொல்றது?"

"ஏன், நாஞ் சிரிப்பனுங்களா?"

"பத்து வருசமா என்னையக் கண்டெய்னருன்னு கூப்புடறவதான நீ."

முத்தாத்தாள் சிரிக்கவில்லை. போனை எடுத்து அந்த நம்பரையே அழுத்தினாள்.

"ஏங் கண்ணு, எத்தன சாம்பிளு எடுப்பீங்க?"

"பன்னெண்டுங்கம்மா."

"பன்னெண்டாமுங்க" என்று அவரிடம் சொன்னாள்.

"எந்தப் பையருக்கும் நாம நாலுக்கு மேல குடுத்ததில்ல" என்றார் மாரப்பன். மேசை விளிம்பை விரலால் தேய்த்தார். "இதுல ஒண்ணு ரிஜெக்ட் ஆனாலும் லாட்டே போச்சு, முத்தா."

நர்சு நாளும் நேரமும் சொன்னாள். முத்தாத்தாளின் கைக்கு வெற்றுக் காகிதம் அகப்படவில்லை. மார்க்கரை எடுத்து, சாயத்துக்குப் போகக் கதவோரம் சாத்தியிருந்த துணி ரோலின் ஓரத்தில் எழுதினாள்: வியாழன் காலை 7.

"வர்றேன்னு நாஞ் சொன்னனா?"

"நாஞ் சொல்லிப்போட்டனுங்க."

அவர் மேசையை ஊன்றி எழுந்தார். மெஷின்கள் பக்கம் நடந்தார்.

டெம்போவுக்கு லோடு ஏற்ற கன்னையன் வந்தான்.

"ஏனுங்கம்மா, இந்த ரோலும் டையிங்குக்குங்களா?"

அவள் தலையாட்டினாள். அவன் ரோலைத் தோளில் தூக்கினான். எழுத்து தலைகீழாகத் தொங்கியபடி வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போயிற்று. டெம்போவில் அதன்மேல் இன்னொரு ரோல் விழுந்தது. அதற்கு மேல் இன்னொன்று.