உப்பு சரியாக இருந்த நாள்

ஹாஜி தாஹிர் ஹஜ்ஜுக்குப் போனவர் இல்லை. அடுத்த வருடம் போகிறேன், அடுத்த வருடம் போகிறேன் என்று அவர் பெருநாளுக்குப் பெருநாள் சொல்லிவந்ததில் எங்கள் சந்துக்காரர்கள் சலித்துப்போய்ப் பட்டத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகர நீதிமன்றத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் அவர் சந்துக்குள் நடந்து வந்தால் ஒரு தீர்ப்பே நடந்து வருவது போல இருக்கும். வீட்டு நடுக்கூடத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி தொங்குகிறது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முன்னோர்கள் கிரனடா வீட்டைப் பூட்டிக் கையோடு கொண்டுவந்தது என்பார். அவருடைய அப்பா வைத்திருந்த தவிட்டுக் கிடங்கின் சாவி அது என்று சந்தில் வயதானவர்கள் சொல்வார்கள். அவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சாவியோடு கூடவே வந்ததுதான் வீட்டு ஹரீராவும். நோன்பு மாதம் முழுக்க நாடு மொத்தமும் அந்த சூப்பைக் குடித்துத்தான் நோன்பு திறக்கிறது. ஆனால் மற்ற வீடுகளில் கொதிப்பதெல்லாம் பருப்புத் தண்ணீர், தங்கள் வீட்டில் கொதிப்பது பரம்பரை என்பது ஹாஜியின் கட்சி. கிரனடாவில் எப்படி வைத்தார்களோ அப்படியே, ஒரு தழைகூட மாறவில்லை என்பார். அப்படிப் பார்த்தால் தக்காளி அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறுவதற்கு முன்பே அவர்கள் வீட்டு ஹரீராவில் தக்காளி மிதந்திருக்கிறது. எதிர்க் கேள்வி கேட்பதற்கு யாருக்கும் தைரியமில்லை. அவர் பதில் சொல்லத் தொடங்கினால் முடிக்க மாட்டார்.

அந்தப் பரம்பரையை வைத்து இறக்கியது கிரனடாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மருமகள். இத்தோ, அஸ்ரூ மலைக்காரி. முதல் நாளே கொண்டைக்கடலையை ஊறப்போட்டுத் தோலை ஒவ்வொன்றாக உரிப்பாள். ஆட்டுக்கறியைச் சின்னச் சின்னதாக அரிந்து, வெங்காயம், செலரித் தழை, இஞ்சி, பட்டை, பழைய வெண்ணெய் ஒரு துளி என்று வதக்குவாள். தக்காளியை அரைத்து ஊற்றுவாள். முந்தின இரவே கரைத்து லேசாகப் புளிக்கவிட்ட மாவைக் கடைசியில் ஒரு கையால் நூலாக ஊற்றிக்கொண்டே மறு கையால் துழாவுவாள். அந்த நேரத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் கை நிற்கக்கூடாது. நின்றால் கட்டி தட்டும். இத்தோவின் கை நின்றதில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் அவள் கையில் இல்லை. உப்பு.

நோன்பு வைத்திருப்பவர் எப்படி உப்புப் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் இமாம் முதல் எல்லாரும் சொல்கிறார்கள். ஹாஜிக்கு அது போதாது. "எங்க வீட்டுல நாக்கும் நோன்பு" என்று சட்டம் போட்டுவிட்டார். மற்ற வீடுகளில் ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டுவார்கள். இந்த வீட்டில் அப்படிக் கூப்பிடக் குழந்தை இல்லை. அதுதானே அந்த வீட்டின் பிரச்சினையே.

ஆகவே அந்த வீட்டில் உப்புப் பார்க்கும் உரிமை நோன்பில்லாத ஒருவருக்குத்தான். மாமியார் லல்லா கென்ஸாவுக்கு மாதவிலக்கு வயது தாண்டிவிட்டது. மீதி இத்தோ. அந்த நாட்களில் அவளுக்கு நோன்பு கிடையாது. அன்று அவள் ருசி பார்த்து வைப்பாள். அன்று ஹரீரா அமிர்தமாக இருக்கும். முதல் மடக்கிலேயே வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஹாஜி மெல்லக் கிண்ணத்தை வைப்பார். லல்லா கென்ஸா பேரீச்சம்பழக் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னைக்கு நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் அது இத்தோவின் மேல் சாட்டும் குற்றம்.

உண்மையில் அந்த வீட்டில் உப்புப் பார்க்க இன்னொருவருக்கும் உரிமை இருந்தது. ஹாஜிக்குச் சர்க்கரை வியாதி. நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஹாஜி அதைச் சந்தில் யாருக்கும் சொல்லவில்லை. மத்தியானம் ஓய்வெடுக்க அறைக்குள் போய்த் தாழ்போடுவார். தேனில் முக்கிய எள் முறுக்கு சமையலறைத் தட்டில் சில குறையும். பிற்பகல் அசர் தொழுகைக்கு அவர் வெளியே வரும்போது மீசையில் ஒரு எள் ஒட்டியிருக்கும். "தாகம் கொல்லுது, ஆனா நன்மை ஜாஸ்தி" என்று எங்களிடம் சொல்வார். நாங்கள் எள்ளைப் பார்த்துக்கொண்டே ஆமாம் போடுவோம்.

இந்த வருடம் நோன்புக்குப் பிறை பார்ப்பதற்கு முன்பே ஹாஜி தீர்ப்பு எழுதிவிட்டார். பெருநாள் வரை பார்ப்பது. அதற்குள் நல்ல சேதி இல்லையென்றால் இத்தோ அஸ்ரூவில் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டியது. மகன் ஜவாதுக்கு ஸெஃப்ரூவில் இருக்கும் உறவினர் அல்லாலின் மகளைக் கட்டுவது. இதற்கெல்லாம் நீதிமன்றத்தில் எந்த மேசையில் எந்த முத்திரை விழும் என்பது அவருக்கு அத்துப்படி. பெண்ணின் போட்டோ அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குச் சாய்த்து வைக்கப்பட்டது. இத்தோ டீ போடும்போதெல்லாம் அது அவளைப் பார்த்துச் சிரித்தது.

தம்பி வீடு ஒரே அறை. தம்பி பெண்டாட்டி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள்: வந்தால் ஒரு வாரம், விருந்தாளி மாதிரி.

டாக்டரிடம் இத்தோ எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டாள். அவளிடம் குறையில்லை, கணவரை அழைத்து வாருங்கள் என்றார்கள். ஜவாத் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், படித்தவன். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். "கிரனடாவுலேர்ந்து அறுபடாம வந்த வம்சம்டா இது. எவனோ கண்ணாடிக் குழாயில பார்த்து சர்டிபிகேட் குடுக்கணுமா?" என்று அப்பா கேட்டாராம். ஜவாத் அதை இத்தோவிடம் ஒப்பித்துவிட்டு, அதுவும் ஒரு வகையில் நியாயம்தான் என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நோன்பு தொடங்கியது. முதல் நாள் ஹரீராவில் உப்பே இல்லை. இரண்டாம் நாள் கடல். அதன் பிறகும் அப்படித்தான், ஒரு நாள் சப்பை, ஒரு நாள் கரிப்பு. வழக்கமாக வரவேண்டிய நாள் வந்தது, போனது. மறுநாளும் உப்புக் கரித்தது. ஹாஜி கிண்ணத்தைக் கீழே வைக்காமல் குடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். லல்லா கென்ஸா கண்ணாலேயே ஆமாம் என்றாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் போல நாங்கள் பார்த்ததில்லை. ஹரீரா எவ்வளவுக்கெவ்வளவு வாயில் வைக்க முடியாமல் இருந்ததோ அவ்வளவுக்கவ்வளவு அந்தக் குடும்பம் பூரித்தது. ஹாஜி வழியில் போகிறவர்களையெல்லாம் நோன்பு திறக்க உள்ளே இழுத்தார். நானும் ஒரு நாள் மாட்டினேன். உப்புக் கிணற்றிலிருந்து இறைத்த மாதிரி இருந்தது. "எப்படி?" என்று கேட்டார். கிரனடா நினைவுக்கு வருகிறது என்றேன். என் தோளைத் தட்டி இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

ஸெஃப்ரூப் பெண்ணின் போட்டோ அலமாரியிலிருந்து இழுப்பறைக்குள் போனது. கொதிக்கும் அண்டாவை இறக்க லல்லா கென்ஸா தானே வந்தாள். ஜவாத் கேட்காமலே ஆரஞ்சு வாங்கி வந்தான். இத்தோ முதலில் நம்பவில்லை. பிறகு கொஞ்சம் நம்பினாள். கடலைத் தோல் உரிக்கும்போது தன்னையறியாமல் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

நோன்பு மாதத்தின் இருபத்தேழாம் இரவுக்கு ஸெஃப்ரூ அல்லால் வருவதாக முன்பே பேச்சு. பெண்ணைப் பற்றிப் பேசத்தான் அழைத்தது; இனி வரவேண்டாம் என்று சொல்ல ஹாஜிக்கு நாக்கு வரவில்லை. வரட்டும், வந்து நம் வீட்டுச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். அல்லால் செர்ரித் தோப்புக்காரர், நல்ல மனிதர். ஒரு கூடைப் பழத்தோடு மத்தியானமே வந்து இறங்கினார்.

அன்று அசருக்குப் பிறகு, கறி வதங்கிக்கொண்டிருக்கும்போது, இத்தோவுக்கு இடுப்பில் சுருக்கென்றது. குளியலறைக்குப் போனாள். அவள் திரும்பி வரத் தாமதமானதில் வெங்காயம் ஒரு பக்கம் கருகிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. துணியை அலசி, பிழிந்து, விறகுக் கட்டுக்குப் பின்னால் போட்டாள். வந்து அடுப்பைத் தணித்தாள். தக்காளியை ஊற்றினாள், கடலையைப் போட்டாள், மாவை நூலாக ஊற்றித் துழாவினாள். கை நிற்கவில்லை. பிறகு இத்தனை நாளும் போட்டது போலவே பார்க்காமல் உப்பை அள்ளிப் போட்டாள்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. குருட்டாம்போக்கில் இன்று சரியாக விழுந்திருந்தால்? கதவைப் பார்த்துவிட்டுக் கரண்டியை வாயில் வைத்தாள்.

சரியாக இருந்தது. மாதம் முழுக்க ஒரு நாளும் அமையாத உப்பு இன்று கல் பிசகாமல் அமைந்திருந்தது. புளிப்பும் பட்டை மணமும் அதன் மேல் ஏறி நின்றன. அவள் வாழ்க்கையில் வைத்த ஹரீராக்களில் அதுதான் சிறந்ததாக இருக்க வேண்டும்.

அவள் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள். ருசி பார்த்தாள். போதவில்லை. இன்னும் அரைப் பிடி. மறுபடியும் பார்த்தாள். முகம் சுளித்தது. நிம்மதியாக மூடினாள்.

சங்கு ஊதியது, பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு எல்லாரும் கிண்ணத்தை எடுத்தார்கள். ஹாஜிக்கு முதல் மடக்கில் கண்ணில் நீர் வந்துவிட்டது. உப்பாலா உணர்ச்சியாலா என்று பிரிக்க முடியாத நீர். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அல்லால் ஒரு மடக்குக் குடித்து, இருமி, மரியாதைக்காக இன்னொன்று குடித்தார். ஹாஜி அவர் முழங்காலில் கை வைத்து, மன்னிக்க வேண்டும், நம் சம்பந்தப் பேச்சுக்கு இனி அவசியம் இருக்காது போல, அல்லாஹ் வேறு வழி காட்டிவிட்டான் என்று நீதிபதி போலவே அறிவித்தார். அந்தச் சாவி இனிப் பேரன் கைக்குப் போகும் என்றார். ஜவாத் தரையைப் பார்த்துச் சிரித்தான். இத்தோவும் தன் பங்குக்கு அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தாள்.

ஆண்கள் தொழுகைக்குக் கிளம்பிய பிறகு லல்லா கென்ஸா சமையலறைக்கு வந்தாள். கிண்ணங்களைக் கழுவ உட்கார்ந்தவள் கழுவவில்லை.

"எப்போலேர்ந்து?" என்றாள்.

"எது மாமி?"

"இத்தோ, கண்ணை மூடிப் போட்ட உப்பு எனக்குத் தெரியும். ஒரு நாள் குறையும், ஒரு நாள் கூடும். இது அப்படி இல்ல. இது ருசி பார்த்துக் கெடுத்த உப்பு."

இத்தோ துடைத்துக்கொண்டிருந்த கரண்டியையே துடைத்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கெடுத்திருக்கேன். வருஷக்கணக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு ஜவாத் வந்தான்." அதைச் சொல்லும்போது லல்லா கென்ஸாவின் குரலில் ஆறுதலும் இல்லை, பெருமையும் இல்லை. "உனக்கு வரலியே பொண்ணே."

இத்தோ அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். ஜவாதை ஒரே ஒரு தடவை அந்தப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். கேட்டு முடிக்கும் வரை லல்லா கென்ஸா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவனை அனுப்பி, குறை அவன்கிட்டன்னு வந்தா, இந்த வீட்டுல யாரு அதைக் காதுல வாங்குவா? காகிதத்தைக் கிழிச்சுட்டு உன்னைத்தான் அனுப்புவாரு. அல்லால் நாளைக்கு ராத்திரிதான் கிளம்புறாரு. வேண்டாம்னு கேட்டுட்டுப் போனா அந்தப் பொண்ணை வேற இடத்துல குடுத்துடுவாங்க."

"அவளுக்கும் இப்படியே ஆனா?"

"அவளும் நல்ல ஹரீரா வைப்பா."

வெளியே பிள்ளைகள் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். லல்லா கென்ஸா எழுந்து மாவை எடுத்துச் சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள், மறுநாளுக்குப் புளிக்க.

"என்னால அவர்கிட்ட வாயால சொல்ல முடியாது. நீயும் சொல்ல வேணாம்" என்றாள். "நாளைக்கு ஹரீரா சொல்லட்டும். நல்லா வை."

மறுநாள் இத்தோ நல்லாத்தான் வைத்தாள். கதவைச் சாத்தவில்லை. வெங்காயம் பொன்னிறமாகும் வரை காத்திருந்தாள். சமையலறை நடுவில், பகல் வெளிச்சத்தில், கரண்டியை வாயில் வைத்து, ஒரு சிட்டிகை போட்டு, மறுபடி வாயில் வைத்துப் பார்த்தாள். போட்டோவை இழுப்பறையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, சர்க்கரை டப்பாவுக்குச் சாய்த்து வைத்தது யார் என்று தெரியவில்லை. அவளே வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சங்கு ஊதியது. எல்லாரும் முதல் மடக்குக் குடித்தார்கள். ஜவாத் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். லல்லா கென்ஸா பேரீச்சம்பழக் கொட்டையைப் பார்த்தாள். விஷயம் தெரியாத அல்லால் மட்டும், முந்தின நாள் அனுபவத்துக்குப் பிறகு நம்ப முடியாமல், மனதாரச் சொன்னார்:

"இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு, ஹாஜி."

ஹாஜி சாவியைப் பார்த்தார். அறுபடாத வம்சத்துக்கு வந்த சோதனையை நினைத்து நீளமாகப் பெருமூச்சு விட்டார். அல்லாலின் தோளில் கை போட்டு, நேற்றுச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், சாப்பிட்டு முடித்துப் பேசுவோம் என்றார்.

பிறகு, மீசையை ஒதுக்கிவிட்டு, மருமகளை நிமிர்ந்து பார்க்காமலே, காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.

இத்தோ இன்னொரு கரண்டி ஊற்றினாள்.