கால்கட்டு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இராஜம்மா வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. அவள் புருஷன் தம்புசாமி டிவியில் வரப்போகிறாராம். அதுவும் பிணமாக!

போன வருஷம் வெள்ளைக்காரப் படக்குழு ஒன்று மோரிப் கடற்கரையை ஏதோ தீவாக்கிக் கொலைக் கதை எடுத்தது. செத்துக் கிடக்கும் தோட்டக்காரனுக்கு ஆள் தேடினார்கள். இந்த மனுஷன் துள்ளிக் குதித்துக்கொண்டு போனார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று இராஜம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே?

இப்போது வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கலக்கியே அவள் இடுப்பு ஒடிந்துபோனது.

படம் ஆரம்பித்தது. மணலில் ஓர் ஆள் மல்லாந்து கிடந்தார். முகத்தைத் தென்னமட்டை மறைத்திருந்தது.

"இது நீங்கதானா அண்ணே?" என்று பக்கத்து வீட்டு நல்லம்மாள் சந்தேகப்பட்டாள்.

"காலைப் பாரு லா!" என்றார் தம்புசாமி.

கேமரா காலுக்கு வந்தது. இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

"நான்தான் கட்டச் சொன்னேன். பொணம்னா முறைப்படி இருக்க வேணாமா? டைரக்டரே வெரி குட்னு சொன்னான்," என்றார் தம்புசாமி பெருமையாக.

"அப்ப கொன்னது நம்மாளுதான்! படத்துல துரை வீட்டுல சமைக்கிறானே, அந்தத் தமிழ்க் குசினிக்காரன். வேற எவன் விரலைக் கட்டுவான்?" என்று கத்தினார் நல்லம்மாள் புருஷன் ரெங்கசாமி.

துப்பறியும் வெள்ளைக்காரனோ தீவு முழுக்கச் சுற்றினான். துணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் கொலைகாரி என்று அந்தத் துரையின் மனைவியைப் பிடித்துக்கொண்டு போனான். ஹாலே கொதித்தது. திட்டிக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள்.

இராஜம்மா இதில் எதையும் பார்க்கவில்லை. அவள் மனசு அந்த விரல்கட்டிலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் சில்லிட்டுக் கிடந்த அந்தக் கால்களைத்தான் அவள் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது.

தம்புசாமி நாற்காலியில் சாய்ந்து காலைச் சேர்த்து நீட்டினார்.

"என் நடிப்பு எப்படி?"

"பேசாதீங்க."

"கால்கட்டு புதுசா எனக்கு? எங்கம்மா எனக்குப் போட்ட கால்கட்டுதானே நீ!" என்று சிரித்தார்.

இராஜம்மா கையிலிருந்த கிளாஸ்களைத் தரையில் வைத்தாள். குனிந்து, அவர் கால்களைப் பிடித்து இழுத்து அகட்டி வைத்தாள்.

"அந்தக் கால்கட்டு ஒண்ணு போதும் உங்களுக்கு. நான் இருக்கிற வரைக்கும் இன்னொண்ணு எவனும் கட்டக்கூடாது. கேட்டுச்சா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டார்.